தடுப்பு மாத்திரை

வார்டன் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். கையில் ஒரு பழுப்பு நிறக் கவர். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த டோக்கன் அதைப் பார்த்ததும் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டாள்.

"இது என்ன?" என்றாள் வார்டன்.

கவரின் மேல் நீல மையில், பள்ளிக்கூட டீச்சர் எழுதியது மாதிரி முத்து முத்தாக எழுதியிருந்தது: தடுப்பு மாத்திரை. தினம் ஒன்று. ஒரு நாளும் விடக் கூடாது.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. லாண்டரியில் அரை நாள் வேலையை முடித்துவிட்டு, கஞ்சி வாசனையும் நீராவிப் பிசுபிசுப்புமாக அப்போதுதான் டோக்கன் வீட்டுக்கு வந்திருந்தாள். கடையில் அவளுக்குக் கவுன்டர் வேலை. எந்தத் துணி எந்த டோக்கன் என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அதனால் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. கட்டிய கணவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

வார்டன் அவளுக்கு நாத்தனார், கணவனின் அக்கா. ஒரு பெண்கள் விடுதியில் பதினெட்டு வருடமாக வார்டன். நூற்றிருபது கட்டில், நூற்றிருபது அலமாரி. ஒன்றையாவது கேட்டுவிட்டுத் திறந்தாள் என்று யாரும் சொன்னதில்லை. தம்பி வீட்டுக்கும் அவளிடம் ஒரு சாவி உண்டு. அம்மா போன பிறகு பத்து வயதுப் பையனைத் தூக்கி வளர்த்தவளிடம் சாவியைத் திருப்பிக் கேட்க யாருக்கு வாய் வரும்? இன்றைக்குத் தலைவலித் தைலம் தேடி வந்தாளாம். தைலம் குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கண்ணெதிரே இருந்தது. அவள் கை போனதோ படுக்கையறை அலமாரியில், மடித்து வைத்த துணிகளுக்கு அடியில்.

"கேக்கறேன்ல? எத்தனை நாளா இது நடக்குது?"

"அண்ணி, அது நீங்க நினைக்கிற மாத்திரை இல்லை."

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நூற்றிருபது பெண்களைக் குறுக்கு விசாரணை செய்து பழகியவளிடம் முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டாயிற்று.

இந்தத் தடுப்பு என்ற சொல் இருக்கிறதே, அது ஊசியோடு சேர்ந்தால் குழந்தைக்கு நல்லது. மாத்திரையோடு சேர்ந்தால் குழந்தையே வேண்டாம் என்று ஆகிவிடும். கல்யாணமாகி மூன்று வருடம் கழிந்தும் நல்ல சேதி வராத வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் அம்மாள் இதை யோசிக்கவில்லை. நோயின் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று நல்ல மனதோடு அதை விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் எழுதிக் கொடுத்தாள். அவள் விட்டுவைத்த காலி இடத்தை வார்டன் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டாள்.

"சத்து மாத்திரை அண்ணி. ரத்தசோகை வராம இருக்க."

"சத்து மாத்திரையைத் துணிக்கு அடியிலயா வைப்பாங்க?" வார்டன் கவருக்குள்ளிருந்து வெள்ளை டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "லேபிளைக்கூட உரிச்சு வெச்சிருக்கே. ஒரு பிசிறு இல்லாம."

அதுவும் டோக்கன் செய்த வேலைதான். ஆள் குறைந்த நாளில் லாண்டரியில் கறையும் எடுக்கிற கை. டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து, பசை தெரியாமல் துடைத்து வைத்திருந்தாள். அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

"என் தம்பிக்கு இது தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் தலையாட்டினாலும் ஆபத்து. தெரியும் என்றால், தெரிந்தே அவன் ஏன் சும்மா இருக்கிறான் என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது என்றால், இவள் புருஷனை ஏமாற்றுகிறவள். டோக்கன் இரண்டும் சொல்லாமல் நின்றாள். வார்டன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

தம்பிக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஆரம்பமே அவர்தான்.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். எட்டு மாதத்துக்கு முன்பு, கூட வேலை பார்ப்பவரின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனார். நான்கு நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து அவரை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் டோக்கனைப் பயிற்சிக் காரில் ஏற்றி, ரிவர்ஸ் பழகுகிற காலி மைதானத்துக்குக் கூட்டிப் போய், எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த ஒரு பழக்கம். அதையும் மறைக்காமல் சொன்னார். டோக்கன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வீடுவரை நடந்தே வந்தாள். பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பதினொரு நாளில் அவள் அவரைக் கரித்துக்கொட்டாத நிமிடம் இல்லை, எல்லாம் மனதுக்குள்.

அவளுக்கு எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்ததிலும் இல்லை. டாக்டர் இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். மாஸ்டர் தினம் மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே ஆறு மாதம் நின்றுவிட்டால் அவரிடமிருந்து பரவாது. குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். அதுவரை, ஆணுறையோடு சேர்த்து, டோக்கனும் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் அவளுக்கு வராமல் காக்கும். "அதாவது, எங்க பயிற்சிக் கார் மாதிரி, ஓட்டுறவங்க காலடியில ஒரு பிரேக், மாஸ்டர் காலடியில ஒரு பிரேக்" என்றார் மாஸ்டர். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோக்கனுக்கும் வந்தது, பல வாரங்களுக்குப் பிறகு.

அதன் பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. உயிரே போனாலும் அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை விடுதியில் கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரியவந்தபோது, வார்டன் அன்று மாலையே அவளை வேலையை விட்டு நிறுத்தினாள். அந்தப் பெண் சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் தானே குப்பையில் போட்டதாக, இதே வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பெருமையாகச் சொன்னாள். மாஸ்டர் அப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தனக்கு இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

"வாயைத் திறக்க மாட்டே? சரி" என்று வார்டன் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "மெடிக்கல்ல காட்டினா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார்."

டோக்கன் ஆடிப்போனாள். "அண்ணி, வேண்டாம். உட்காருங்க. பேசலாம்."

"பேசறதுக்குத்தான் போறேன்."

வார்டன் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். ஐம்பது வயதுக்கு அது அசாத்திய வேகம். டோக்கன் செருப்பை மாட்டுவதற்குள் அவள் தெருவில் இருந்தாள். மெடிக்கல் கடை தெருக்கோடியில், எண்ணி எண்பது தப்படி. விடுதிக்கு மருந்து சப்ளை செய்கிற கடை. மாஸ்டரின் பயிற்சிப் பள்ளி போர்டும் அதே சுவரில்தான் தொங்கியது. அங்கே ஒரு வார்த்தை விழுந்தால் பொழுது சாய்வதற்குள் பள்ளி முதலாளி காதுக்குப் போய்விடும். மாஸ்டரிடம் கார் கற்றுக்கொள்கிற பெண்கள் திங்கட்கிழமை வரமாட்டார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு டோக்கன் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். தெருவே பார்க்கும் என்று இழுக்கவில்லை.

லாண்டரியில் ஒரு சட்டம் உண்டு. சட்டைப் பையில் என்ன கிடைத்தாலும், கடிதமோ சீட்டோ போட்டோவோ, படிக்கக் கூடாது, பார்க்கக் கூடாது. காகித உறையில் போட்டு, பின் அடித்து, டோக்கன் நம்பர் எழுதித் துணியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்பது வருடத்தில் எத்தனை குடும்பத்தின் ரகசியம் அவள் விரலுக்கு அடியில் போயிருக்கும்! ஒன்றைக்கூட அவள் பிரித்ததில்லை. இப்போது அவளுடையதை ஒருத்தி பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போகிறாள்.

கடையில் இருவர் நின்றிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர். வார்டன் இருவருக்கும் நடுவில் கையை நீட்டி டப்பாவைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள்.

"இது எதுக்கான மாத்திரைன்னு பார்த்துச் சொல்லுங்க."

"வாங்க மேடம்" என்றார் மெடிக்கல்காரர். "லேபிள் எங்கே?"

"அதை இவளைக் கேளுங்க."

மெடிக்கல்காரர் மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினார். நீல நிறம். நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அதில் பொறித்திருந்த எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். அவருடைய புருவம் ஒரு கணம் மேலே போய் இறங்கியது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தி டோக்கனைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"அது குழந்தை வேண்டாம்னு போடற மாத்திரைதான் அண்ணி" என்றாள் டோக்கன். தொண்டை கிழிகிற மாதிரி சத்தமாக வந்தது. "நான்தான் போடறேன். அவருக்குத் தெரியாது."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தைக்காரி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். டோக்கனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. கெட்ட பெயர் தனக்குத்தானே, அவருக்கு இல்லையே.

மெடிக்கல்காரர் மாத்திரையை மறுபடி உள்ளே போட்டு மூடியை இறுக்கினார். "மேடம், லேபிள் இல்லாத மாத்திரையைப் பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்லை. இவங்களுக்கு எழுதிக் கொடுத்த டாக்டரைத்தான் கேக்கணும்" என்று டப்பாவை டோக்கன் பக்கம் தள்ளினார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அவள் கை நீளுவதற்குள் வார்டன் பறித்துக்கொண்டாள். "அவளே சொல்லியாச்சு. இனிமே எந்த டாக்டரைக் கேக்கணும்?" கடை வாசலில் கறுப்பாக ஓடிய சாக்கடைக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்தாள். நீல மாத்திரைகள் கொட்டின. டப்பாவும் பின்னாலேயே போய் விழுந்தது. ஒரு மாத்திரை சிமென்ட் விளிம்பில் நின்றது. வார்டன் அதைச் செருப்பு நுனியால் தள்ளிவிட்டாள்.

பிறகு அங்கே நின்றபடியே தம்பிக்குப் போன் செய்தாள். "எங்கேடா இருக்கே? இருக்கற வேலையைப் போட்டுட்டு வீட்டுக்கு வா."

மாஸ்டர் பாதி வகுப்பில் கிளம்பி வந்தார். ஓட்டக் கற்றுக்கொள்கிற ஒரு மனிதர் பயிற்சிக் காரை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் கிளப்பி அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அவர் மேலே வந்தபோது வார்டன் நாற்காலியிலும் டோக்கன் சுவரோரமும் இருந்தார்கள். நடந்ததை வார்டன் ஒரே மூச்சில் சொன்னாள். மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் நல்ல செய்திக்குக் காத்திருந்ததைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அவளுக்குத் தம்பி மேல் இருந்த பாசம் அத்தனையும் நிஜம்.

மாஸ்டர் டோக்கனைப் பார்த்தார். டோக்கன் கண்ணாலேயே சொன்னாள்: உங்களுடையது பத்திரமாக இருக்கிறது, நான் சொல்லவில்லை.

அவருக்குப் புரிந்தது. முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவளைப் பார்த்து, "ஏன் இப்படிப் பண்ணினே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

நன்றாகவே நடித்தார். அளவுக்கு மீறி நன்றாக. அவள் பொய் சொன்னது அவருக்கு நிழல் கொடுக்க. அந்த நிழலில் நின்றுகொண்டு அவர் அவளையே ஏசுகிறார். மைதானத்தில் காரை விட்டு இறங்கிய அன்றுகூட டோக்கனுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இவகிட்ட என்ன பேச்சு?" என்றாள் வார்டன். "அவ அம்மா வீட்டுக்குக் கிளம்பட்டும். உனக்கு முப்பத்திரண்டு வயசுதான் ஆகுது, ஒண்ணும் கெட்டுப் போகலை. எங்க ஹாஸ்டல்லயே வேலைக்குப் போற நல்ல பொண்ணுங்க எத்தனை பேர்! அதுல ஒருத்தியை நானே பேசி முடிக்கிறேன்."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டோக்கனுக்குக் கோபம் அடங்கி வேறு ஏதோ வந்தது. அது பயம். முகம் தெரியாத ஒரு பெண், விடுதியில் எங்கோ ஒரு கட்டிலில் இந்த நேரத்தில் தலை வாரிக்கொண்டிருப்பவள். அவளை யாரும் மைதானத்துக்குக் கூட்டிப் போகமாட்டார்கள். அவள் அலமாரியில் எந்த டப்பாவும் இருக்காது. இந்தப் பொய் இப்படியே நின்றால் அது போய் விழுகிற இடம் அவள்தான்.

"அவகிட்டயாவது சொல்லுவீங்களா?" என்றாள் டோக்கன், மாஸ்டரிடம்.

"என்ன சொல்லணும்?" என்றாள் வார்டன்.

டோக்கன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கேன். என்னைத் துரத்தினாலும் சொல்லமாட்டேன். ஆனா வர்றவகிட்ட நீங்க சொல்லுவீங்களா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

மாஸ்டர் அக்கா பக்கம் திரும்பினார். சுவரில் கை வைத்தார். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா" என்றார். "அது குழந்தையைத் தடுக்கற மாத்திரை இல்லை. என்னைத் தடுக்கற மாத்திரை."

"என்னடா உளர்றே?"

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்தது. என்கிட்டேருந்து அவளுக்கு வந்துடக் கூடாதுன்னு அவ அதைச் சாப்பிடறா. நாளைக்குக் குழந்தை பெத்துக்கணும்னுதான் சாப்பிடறா. இவ்வளவு நேரமும் அவ சொன்னது அத்தனையும் எனக்காகச் சொன்ன பொய்."

சொல்லிவிட்டு அவர் ஒரு அடி எடுத்து வைத்து அக்காவின் கையைப் பிடிக்கப் போனார். சின்ன வயதிலிருந்து தப்புச் செய்தால் அப்படித்தான் பிடிப்பாராம். வார்டன் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போனாள். யோசித்துப் போகவில்லை. கால் தானாகப் போய்விட்டது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

வார்டன் டோக்கனைப் பார்த்தாள். "உனக்கு?"

"இல்லை அண்ணி. போன மாசமும் பார்த்தாங்க. இல்லை."

"அந்த மாத்திரையாலயா?"

"ஆமா."

"நான் கொட்டிட்டேனே" என்றாள் வார்டன். கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே போனாள். படியில் அவள் காலடிச் சத்தம் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் கேட்டது.

டோக்கன் கொஞ்ச நேரம் பொறுத்து ஜன்னலுக்குப் போனாள். பார்த்ததும் படியிறங்கி ஓடினாள்.

மெடிக்கல் வாசலில், நாலு மணி வெயிலில், நூற்றிருபது பெண்களைக் கண்ணாலேயே அடக்குகிற வார்டன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு துடைப்பக்கட்டையால் சாக்கடையைத் துழாவிக்கொண்டிருந்தாள். வெள்ளை டப்பா மூடியில்லாமல் அவள் பக்கத்தில் கரையேறியிருந்தது. அதற்குள் கறுப்புத் தண்ணீர். தெருவில் போன வேறொரு பெரியவர் "என்னம்மா தொலைஞ்சு போச்சு? மோதிரமா?" என்று குனிந்து பார்த்தார். அவள் இன்னும் ஆழமாகத் துழாவினாள். மணிக்கட்டு வரை சேறு.

"அண்ணி, எழுந்திருங்க. அது இனிமே ஆகாது."

"எத்தனை இருந்துச்சு?"

"இருபத்திரண்டு. விடுங்க. திங்கக்கிழமை கிளினிக்ல நடந்ததைச் சொல்லி வாங்கிக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் அவர் தலையணை ஹால்ல" என்றாள் டோக்கன்.

வார்டனுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. கட்டையைக் கீழே வைத்தாள். சாக்கடையைப் பார்த்தபடியே, பெரியவருக்குக் கேட்காத குரலில், "அவன் என் கையைப் பிடிக்க வந்தான். நான் பின்னாடி போயிட்டேன். நீ பார்த்தியா?" என்றாள்.

"பார்த்தேன் அண்ணி."

"அவன் பார்த்தானா?"

மதியத்திலிருந்து எத்தனையோ பொய் சொல்லியாயிற்று. இன்னும் ஒன்று சொல்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. வார்டனுக்குக் காட்டுகிற இரக்கமாகக்கூட அது இருந்திருக்கும்.

"பார்த்தார்" என்றாள் டோக்கன்.

வார்டன் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். மெடிக்கல்காரர் கை கழுவத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்கவில்லை. "நீ கொஞ்ச நேரம் கழிச்சு வா" என்று டோக்கனிடம் சொல்லிவிட்டு, சேற்றுக் கையோடு, வந்த வழியே வீட்டைப் பார்த்து நடந்தாள்.